கைக்கு எட்டிய மின்சுற்று

1980ஆம் ஆண்டில் இரண்டு பெட்டிகள் கடைக்கு வந்தன. டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லாவிட்டாலும் கவலை இல்லை என்று இரண்டுமே வாக்களித்தன. ஒன்று, அமெரிக்கரான ரோஜர் லின் செய்த எல்எம்-1. உண்மையான டிரம்ஸை ஒருவர் அடிக்க, அந்த ஒலியைப் பதிந்து, எண்களாக்கிச் சில்லுகளில் அடைத்திருந்தார் அவர். பொத்தானை அழுத்தினால் அந்தப் பதிவு ஒலிக்கும். விலை சுமார் 5,000 டாலர். இன்னொன்று, ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் செய்த டிஆர்-808. அதற்குள் எந்தப் பதிவும் கிடையாது. டிரான்சிஸ்டர், மின்தடை, மின்தேக்கி இவற்றைக் கொண்டு டிரம்ஸைப் போன்ற ஓர் ஒலியை ஒவ்வொரு முறையும் புதிதாக உண்டாக்கித் தரும். விலை 1,195 டாலர். இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்டவருக்கு எது டிரம்ஸ் போல இருக்கிறது என்பதில் குழப்பம் இருந்திருக்காது. 808இன் பேஸ் டிரம் தோல் வாத்தியம் போலவே இல்லை. சிம்பல் தகரத்தையும் ஆவியையும் கலந்தது போல இருந்தது. சுமார் 12,000 பெட்டிகள் செய்தபின் 1983இல் ரோலண்ட் அதை நிறுத்திக்கொண்டது. ஆனால் இன்று உலகெங்கும் ஹிப்-ஹாப் செய்பவர்கள் அடியாழத்தில் அதிரும் அந்த ஒலிக்கு வைத்திருக்கும் பெயரே ‘808’தான். கருவியின் மாடல் எண் ஓர் ஒலிக்குப் பெயராகிவிட்டது. போலி செய்வதில் தோற்ற பெட்டி எப்படி வாத்தியமாயிற்று என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. அனலாக் ஒலியில் ஒரு கதகதப்பு உண்டு, டிஜிட்டலில் அது கிடையாது என்பது முதல் பதில். எல்லாம் அதிர்ஷ்டம், மலிவாகக் கிடந்ததை யாரோ எடுத்துத் தட்டப்போய் நடந்தது என்பது இரண்டாவது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டும் கருவியின் மூடியைத் திறந்து பார்க்காமலே சொல்லப்படுபவை. நாம் திறந்து பார்ப்போம்.

808இன் பேஸ் டிரம்மாக உள்ளே இருப்பது ஒரு சின்ன மின்சுற்று. கோயில் மணியை ஒரு தட்டுத் தட்டினால் அது தன் சுருதியிலேயே ரீங்கரித்து மெல்ல ஓய்கிறதல்லவா, இந்தச் சுற்றும் அப்படித்தான். விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஒரு மின்துடிப்பு அதன்மேல் விழுகிறது. சுற்று விநாடிக்கு ஏறத்தாழ 50 முறை அதிர்ந்து, தானே அடங்குகிறது. எவ்வளவு நேரத்தில் அடங்க வேண்டும் என்பதை முன்பலகையில் ‘டிகே’ என்று எழுதியிருக்கும் குமிழ் தீர்மானிக்கிறது. அதை இடப்பக்கம் திருகினால் ‘தொப்’ என்று ஒரு குத்து. வலப்பக்கம் முழுக்கத் திருகினால் ‘தூம்ம்ம்’ என்று நீண்டு, கடைசியில் காதுக்குக் கேட்பதைவிட நெஞ்சுக்குத் தெரிவது அதிகமாக இருக்கும். சிம்பலுக்கும் ஹை-ஹாட்டுக்கும் ஒன்றோடொன்று சுருதி சேராத ஆறு சதுர அலைகளைக் கலந்து வடிகட்டுகிறார்கள். அந்த ஆறில் இரண்டைத் தனியே எடுத்தால் கௌபெல் வந்துவிடும். பெயர் மாட்டுமணி; எந்த மாட்டின் கழுத்திலும் அப்படியொரு மணி தொங்கியதில்லை. இரைச்சலை நெருக்கமான சில துண்டுகளாக நறுக்கினால் கைதட்டல். கீழ்வரிசையில் 16 பொத்தான்கள், சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என்று நான்கு நான்காக. ஆதிதாளத்தின் எட்டு அட்சரத்தை இரண்டிரண்டாக வகுத்தால் பதினாறு. நம்மவர்களுக்கு அந்தக் கணக்கு பிடிபட நேரம் ஆகாது.

808இன் சீறலுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ரோலண்டை 1972இல் ஒசாகாவில் தொடங்கிய இகுதாரோ ககேஹாஷி, தரச்சோதனையில் தேறாத டிரான்சிஸ்டர்களைத் தேடி வாங்கி 808இல் பொருத்தியதாகவும், அந்தச் சீறல் அவற்றிலிருந்து வந்தது என்றும் பின்னாளில் சொன்னார். தொழில் நுணுக்கம் தேறத் தேற, பழுதான சரக்கு கிடைப்பது அரிதாயிற்று. 808ஐத் தொடர்ந்து செய்ய முடியாமல் போனதற்கு அதையே அவர் காரணமாகக் காட்டினார். எல்லோரும் விரும்பிச் சொல்லும் கதை இது. நான் அதற்கு அதிக எடை கொடுக்க மாட்டேன். சீறல் என்பது நிறம். பெட்டியை வாத்தியமாக்கியது நிறமல்ல.

என் கட்சி இது. ஒலியைச் சேமித்து வைத்துத் திருப்பிக் கொடுக்கும் பெட்டி வேறு, ஒலியைப் பிறப்பிக்கும் பெட்டி வேறு. பிறக்கும் வழியில் குறுக்கே கைநீட்டி அதை மாற்ற முடிந்தால்தான் பெட்டி வாத்தியமாகிறது. மிருதங்க வித்வான் கச்சேரிக்கு முன் இடந்தலையில் ரவையைக் குழைத்து அப்புகிறார்; வலந்தலையின் ஓரத்தைக் கல்லால் தட்டிச் சுருதி சேர்க்கிறார். வாத்தியத்தின் உடம்பில் கை வைக்கும் உரிமை அவருக்கு உண்டு. அதே மேடையில் தம்பூராவுக்குப் பதிலாக இருக்கும் எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியைப் பாருங்கள். அதிலும் மின்சுற்றுதான். ஆனால் சுருதியையும் சத்தத்தையும் சரிசெய்யத்தான் அதில் குமிழ் இருக்கிறது. கொடுத்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. அதனாலேயே அது தம்பூராவின் இடத்தில் உட்கார்ந்திருக்கும் பதிலாளாக நின்றுவிட்டது. அதை வைத்துப் புதிதாக ஓர் இசைவகை பிறக்கவில்லை. 808இல் நடந்தது வேறு. அது போலி செய்ய முயன்று தோற்றது. ஆனால் தோற்ற ஒலியின் உட்புறம் குமிழ்களாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கேட்டவர்களில் சிலர் “டிரம்ஸ் போல இல்லையே” என்று ஒதுக்கினார்கள். வேறு சிலர் “இதை இன்னும் திருகினால் என்ன ஆகும்?” என்று பார்த்தார்கள்.

இதே வாதத்துக்கு இன்னும் கூர்மையான சாட்சி டிபி-303. ரோலண்டின் பொறியாளர் ததாவோ கிகுமோதோ வடிவமைத்தது; 1981இன் இறுதியில் வந்தது. தனியாகப் பழகும் கிதார் கலைஞருக்குப் பக்கத்தில் பேஸ் கிதார் வாசிக்க ஆள் இல்லாத குறையைத் தீர்ப்பது அதன் நோக்கம். வெள்ளி நிறத்தில், கையில் தூக்கிக்கொண்டு போகும்படியான பிளாஸ்டிக் பெட்டி. பேஸ் கிதாரைப் போல அது ஒலிக்கவே இல்லை. போதாக்குறைக்கு அதில் ஒரு மெட்டை ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சுரங்களை முதலில் வரிசையாகச் சொல்ல வேண்டும்; அவை எப்போது விழ வேண்டும் என்பதைத் தனியே இன்னொரு தடவை தட்ட வேண்டும். சொற்களை ஒரு தாளிலும் இடைவெளிகளை வேறொரு தாளிலும் எழுதச் சொன்ன மாதிரி. 1984இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். அதற்குள் சுமார் 10,000தான் செய்திருந்தார்கள். பழைய பொருள் கடைகளில் அது அடிமாட்டு விலைக்குப் போயிற்று.

அந்தப் பெட்டியின் மேல்விளிம்பில் ஆறு சிறு குமிழ்கள் இருந்தன. சுருதிக்கு ஒன்று போக மீதி ஐந்தும் ஃபில்டரைச் சுற்றியவை. ஃபில்டர் எந்த உயரத்துக்கு மேல் ஒலியை வெட்ட வேண்டும், வெட்டும் இடத்தில் எவ்வளவு கூவ வேண்டும், ஒவ்வொரு சுரத்துக்கும் எவ்வளவு திறந்து மூட வேண்டும், எவ்வளவு வேகமாக மூட வேண்டும், அழுத்திச் சொல்லும் சுரம் எவ்வளவு முந்த வேண்டும் என்பவை. கடைசியாகச் சொன்னதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு சுரத்துக்கு அழுத்தம் கொடுத்தால் சத்தத்தோடு ஃபில்டரும் கூடவே திறக்கும். அடுத்த சுரத்துக்கும் அழுத்தம் இருந்தால், மின்தேக்கியில் முந்தையதன் மிச்சம் வடிவதற்குள் இது வந்து சேரும். ஃபில்டர் முன்னைவிட உயரமாகத் திறக்கும். மூன்றாவதற்கு இன்னும் உயரம். எழுதிவைத்த மெட்டு ஒன்றே என்றாலும், கடந்துபோன சுரத்தின் நினைவு வரும் சுரத்தின்மேல் படிந்துகொண்டே இருக்கும். இத்துடன் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதியும் சேர்ந்தது. சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழுவினர், டிஜே பியரும் அவருடைய இரண்டு நண்பர்களும், ஒரு 303ஐ ஓடவிட்டுக் குமிழ்களைத் திருகிக்கொண்டே போனார்கள். 1987இல் ‘ஆசிட் டிராக்ஸ்’ என்ற பெயரில் அது இசைத்தட்டாயிற்று. பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் அதில் மெட்டு என்று சொல்லப்போனால் ஒரு சின்னத் துண்டுதான். அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறோம். மாறுவது ஃபில்டர் மட்டும். அங்கே பாடுவது குமிழ். ஆசிட் ஹவுஸ் என்ற இசைவகை அதிலிருந்து கிளம்பி அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் நடனக் கூடங்களை நிரப்பியது.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருகிறேன். அனலாக் பக்தர்கள் கேட்பது: நீங்கள் குமிழ் குமிழ் என்கிறீர்களே, அந்த ஒலி அனலாக் மின்சுற்றிலிருந்து வந்ததால் அல்லவா அப்படி இருக்கிறது? இதற்கு லின் பெட்டியையே சாட்சிக்கு அழைக்கலாம். அது டிஜிட்டல் பதிவு. என் வாதப்படி வெறும் சேமிப்புக் கிடங்காக நின்றிருக்க வேண்டும். பலர் கையில் அப்படித்தான் நின்றது. ஆனால் பாடகர் பிரின்ஸ் அதை வாங்கினார். ஒவ்வொரு ஒலிக்கும் தனித்தனியே சுருதியைக் கூட்டிக் குறைக்கும் வசதி அதில் இருந்தது. அவர் டிரம் ஒலிகளின் சுருதியை இறக்கி, கிதாருக்கான பெடல்களின் வழியே அனுப்பினார். 1984இல் வந்த ‘வென் டவ்ஸ் கிரை’ பாட்டின் தொடக்கத்தில் கேட்கும் அந்த மரத்தட்டல் எந்த டிரம்ஸிலும் இல்லாத ஒலி. பதிவு செய்த ஒலியாக இருந்தும் அவர் கை உள்ளே போக வழி இருந்தது, போனார். மறுபக்கம் 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சின்தசைசரைப் பாருங்கள். ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டுபிடித்த எஃப்எம் முறையில் ஒலியை அது பிறப்பிக்கவே செய்கிறது. சேமித்து வைத்ததைத் திருப்பிக் கொடுக்கவில்லை. திறமையில் அன்றைய அனலாக் கருவிகள் பலவற்றை அது மிஞ்சியது. ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது. ஆனால் குமிழ்களை எல்லாம் எடுத்துவிட்டு, தட்டையான பொத்தான்களும் ஒரு சின்னத் திரையும் மாற்றங்களுக்கு ஒரே ஒரு நகர்த்தியும் வைத்தார்கள். வாங்கியவர்களில் பெரும்பாலோர் தொழிற்சாலையில் ஏற்றிக் கொடுத்த ஒலிகளையே வாசித்தார்கள். எண்பதுகளின் காதல் பாட்டுகளில் ஒரே எலெக்ட்ரிக் பியானோ திரும்பத் திரும்பக் கேட்பது அதனால்தான். பிரையன் ஈனோ போன்ற சிலர் பொறுமையாக உள்ளே புகுந்தார்கள். அவர்கள் கையில் அதுவும் வாத்தியமாயிற்று. ஆக, கோடு அனலாக்குக்கும் டிஜிட்டலுக்கும் நடுவே ஓடவில்லை. கை எட்டுவதற்கும் எட்டாததற்கும் நடுவே ஓடுகிறது. டிஎக்ஸ்7 வந்தபின் பழைய அனலாக் பெட்டிகளின் விலை சரிந்து, அவை காசில்லாத இளைஞர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சிகாகோவுக்கு அந்தச் சரிவு ஒரு கொடை.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. இன்று நாம் கேட்கும் 808 பேஸ் பெரும்பாலும் அந்தப் பெட்டியிலிருந்து வருவதில்லை, அதைப் பதிந்து சாம்பிளரில் ஏற்றி, சுருதி மாற்றி வாசித்தது. அப்படியானால் சேமிப்புப் பெட்டிதானே ஜெயித்தது? உண்மை. அசல் 808இன் பேஸ் டிரம்முக்குச் சுருதி மாற்றும் குமிழே கிடையாது. ஆனால் எதைப் பதிந்தார்கள் என்று கவனிக்க வேண்டும். நிஜமான தோல் வாத்தியத்தைப் பதிந்து சுருதியை மாற்றினால் அது நிஜம் இழந்து விகாரமாகும். அடித்த அறையும் கோலும் தோலும் சேர்ந்து வளைந்துபோகும். 808இன் ஒலியோ கிட்டத்தட்டத் தூய ஒற்றை அலை. எழும்பி ஓய்வது மட்டுமே அதன் குணம். எந்தச் சுருதிக்கு நகர்த்தினாலும் அது அதுவாகவே இருக்கிறது. டிரம்ஸைப் போலி செய்வதில் தோற்றதால்தான் அது பேஸ் வாத்தியமாக மாற முடிந்தது. சாம்பிளர் என்பது 808இல் இல்லாமல் போன குமிழை வெளியே இருந்து ஒட்டியது, அவ்வளவே.

கலைஞர்களின் வயிற்றுப்பாட்டுக் கேள்வியை மட்டும் இவ்வளவு எளிதாகக் கடக்க முடியாது. 1982இல் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சின்தசைசர்களையும் டிரம் மெஷின்களையும் தடைசெய்யக் கோரித் தீர்மானம் போட்டது. இன்றைக்கு அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்க ஒன்றும் இல்லை. பம்பாயிலும் கோடம்பாக்கத்திலும் நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்து வாசித்த ஒலிப்பதிவுக் கூடங்கள் பின்னாளில் ஆள் குறைந்துபோனதில் கீபோர்டுக்கும் சீக்வென்சருக்கும் பங்கு உண்டு. ஆனால் யார் இடத்தை எது பிடித்தது என்று பார்த்தால், வயலினைப் போலவும் டிரம்ஸைப் போலவும் ஒலிக்கத் தெரிந்த கருவிகள்தான் ஆளை அனுப்பின. 1982இல் மார்வின் கேயின் ‘செக்சுவல் ஹீலிங்’ பாட்டில் 808 வாசிப்பதைக் கேட்டுவிட்டு எவரும் நல்ல டிரம்ஸ் கலைஞர் என்று ஏமாந்திருக்க முடியாது. வேலையைப் பறித்தது வெற்றிபெற்ற போலி. புதிய வேலையைக் கொண்டுவந்தது தோற்ற போலி. பறிபோனவர்களுக்கு இந்த வேறுபாடு ஆறுதல் தராது என்பதும் எனக்குத் தெரியும்.

இன்றைய நிலைக்கு ஒரு பார்வை. பழைய 303 இன்று ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறி, பலர் வீட்டில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. திருகவே அஞ்சும் விலை வந்தபின் அது அலங்காரப் பொருள். எனக்கு மரியாதை 1993இல் ராபின் விட்டில் தொடங்கிய ‘டெவில் ஃபிஷ்’ மாற்றத்தின்மேல். ஆஸ்திரேலியரான அவர் 303ஐப் பிரித்து, உள்ளே நிலையாகப் பூட்டியிருந்த அளவுகளை, வழுக்கும் நேரம், அழுத்தம் ஓயும் வேகம் என்று ஒவ்வொன்றாகக் குமிழாக்கி வெளியே கொண்டுவந்தார். பழைய பெட்டியின்மேல் துளைபோடுவதைப் பாவம் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தப் பெட்டியை அவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர் அவர். ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் தொண்ணூறுகளின் நடுவில் கொண்டுவந்த ஏ-100 வரிசையும் அதே வழிதான்: சின்தசைசரைத் துண்டு துண்டாக விற்று, எதை எதோடு இணைப்பது என்பதை வாங்குபவர் கையில் விட்டது. 2013இல் கோர்க் நிறுவனம் கையடக்கமான வோல்கா பெட்டிகளைக் குறைந்த விலைக்குத் தந்தபோது, பழைய இருப்பு விற்காமல் கிடந்து தானாக நிகழ்ந்த மலிவு இப்போது திட்டமிட்டு நிகழ்ந்தது. 2014இல் ரோலண்டே 808ஐத் திரும்பக் கொண்டுவந்தபோது உள்ளே இருந்தது முழுக்க டிஜிட்டல். பக்தர்கள் முகம் சுளித்தார்கள். டிகே குமிழ் பழைய வேலையைச் செய்கிறதா என்பதுதான் நான் கேட்கும் கேள்வி, செய்கிறது.

கடைசியாக, எல்லாம் அதிர்ஷ்டம் என்பவர்களுக்கு. சிகாகோவில் நடந்தது ஒரு தற்செயல், அதைப் பின்னால் நின்று தர்க்கமாக்குகிறீர்கள் என்பார்கள். அவர்களுக்கு நான் காட்டுவது பம்பாயை. சரண்ஜித் சிங் இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துவந்த கலைஞர். 1982இல், ஆசிட் டிராக்ஸுக்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாக, ரோலண்டின் 808, 303, ஜூபிட்டர்-8 சின்தசைசர் ஆகிய மூன்றையும் இணைத்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டார். நமக்கு மோகனமாகத் தெரியும் பூபாளியும், இந்தோளமாகத் தெரியும் மால்கௌன்ஸும் அதில் உண்டு. மேலே ஜூபிட்டர் ராகத்தை இழைக்க, கீழே 303 வழுக்கிக்கொண்டும் கூவிக்கொண்டும் ஓடுகிறது. சுரத்திலிருந்து சுரத்துக்கு இழுத்துச் செல்லும் பழக்கம் உள்ள இசையில் வளர்ந்தவருக்கு அந்த வழுக்கல் வசதி அந்நியமாகத் தோன்றியிருக்காது. சிகாகோக்காரர்கள் அவரைக் கேட்டதில்லை. அவர் அவர்களைக் கேட்டிருக்க வழியே இல்லை. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு இடங்களில் ஒரே பெட்டியிலிருந்து இவ்வளவு நெருங்கிய ஒலி வெளிப்பட்டால் அதைத் தற்செயல் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் இதே சாட்சி என்னையும் ஓரிடத்தில் நிறுத்துகிறது. சிங்கின் தட்டு விற்கவில்லை. அந்த ஒலியைக் கேட்டு ஆட ஒரு கூடமும், இரவு முழுக்க அதையே போட ஒரு டிஜேயும் சிகாகோவில் இருந்தார்கள், பம்பாயில் இல்லை. கை எட்டும் மின்சுற்று ஒலியைக் கொடுக்கும், கேட்கும் கூட்டத்தைக் கொடுக்காது. 2010இல் நெதர்லாந்தைச் சேர்ந்த தட்டு சேகரிப்பாளர் எடோ பௌமன் அதை மறுபதிப்புச் செய்தபோது, 1982இல் இப்படியொரு இசை வந்திருக்கவே முடியாது, யாரோ அண்மையில் செய்துவிட்டுப் பழைய தேதி போட்டிருக்கிறார்கள் என்று ஐரோப்பாவில் சிலர் சந்தேகப்பட்டார்கள். எழுபதைக் கடந்த சிங், பழைய ரோலண்ட் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று ஐரோப்பிய மேடைகளில் ராகங்களை மறுபடி வாசித்துக் காட்டினார். 2015இல் பம்பாயில் காலமானார்.